தேகப்பயிற்சியில் அளவறிதல்

வெள்ளவத்தைக் கடற்கரையோரத்திலே விடியற்காலையிற் சென்று நிற்பவர்க்கு ஒரு காட்சி நாடோறும் கிடைக்கும். புகையிரதப் பாதைக்கு இப்பால், மரைன் டிரைவ் எனப்படும் வீதி வழியே, முதியோரும் நடுவயதினரும் இருவர் மூவராக நடந்து செல்வர். அவருட் பலர் மருத்துவரின் சொல்லுக்கு அஞ்சி நடப்பவர். குருதியிற் சீனி மிகுந்துவிட்டது, நடக்கவேண்டும் என்று மருத்துவர் கூறியிருப்பார். எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள் என்பனவற்றை விரித்துரைக்க அவருக்கு அவகாசம் இருந்திராது. ஆதலின் ஒருவர் சந்திக் கடைவரை சென்று பத்திரிகை வாங்கித் திரும்புவதையே பயிற்சி என்று கொள்வார். மற்றொருவர் முதல் நாளே மூச்சுத் திணற நடந்து, முழங்கால் வீங்கி, மறுவாரம் வீட்டோடு தங்கிவிடுவார்.

மாநகரின் மறுகோடியிலே, கொட்டாஞ்சேனையில், மாலை வேளையில் வேறொரு காட்சி. கண்ணாடி பதித்த சிறிய உடற்பயிற்சி நிலையம் ஒன்றிற் பதினெட்டு வயது இளைஞன் இரும்புப் பாரத்தைத் தூக்குகின்றான். அவனுக்குக் கற்பிப்பவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நிலையத்தில் மாணாக்கனாய் இருந்தவன். எத்தனை கிலோகிராம், எத்தனை முறை, இடையில் எத்தனை நாள் ஓய்வு என்று வினவினால், "நான் இப்படித்தான் செய்தேன்" என்பதே விடையாகும். அம்முதியவருக்கும் இவ்விளைஞனுக்கும் முயற்சி குறைவில்லை. இருவரிடத்தும் இல்லாதது அளவு.

மருந்துக்கு அளவுண்டு என்பதை எவரும் அறிவர். உணவுக்கு அளவு வேண்டும் என்பதைத் திருக்குறள் மருந்து என்னும் அதிகாரத்திலேயே வைத்துப் பேசுகின்றது. உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலோடு சேர்த்து எண்ணிய திருமூலர் மரபும் எம்மவர்க்குப் புதியதன்று. ஆயின் பயிற்சிக்கும் மருந்தைப் போலவே அளவு உண்டு என்பதும், அவ்வளவைக் கருவிகொண்டு கண்டறியலாம் என்பதும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள் வளர்ந்த அறிவாகும். அவ்வறிவு இன்று பல்கலைக்கழகங்களிற் பட்டப்பின் படிப்பாக விரிந்து நிற்கின்றது. பிரயோக உடனல உடற்றொழிலியல், வலுப்பயிற்சியும் உடற்றகுதியாக்கமும் என்னும் பெயர்களால் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் விஞ்ஞான முதுமாணிப் பட்டம் வழங்கப்படுகின்றது. பெயர் நீளமாயினும் பொருள் சுருக்கமானதே: ஓர் உடம்பு எவ்வளவு சுமையை ஏற்கும், ஏற்றபின் எவ்வாறு மாறும், அம்மாற்றத்தை நோய் தடுப்பதற்கும் வலிமை பெறுவதற்கும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே அதன் ஆராய்ச்சி.

தமிழர் உடல்வலிமையைப் போற்றாதவரல்லர். தென்பாண்டி நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் என்றொரு உருண்டைக்கல் ஊர்ப்பொதுவிடத்திற் கிடப்பதை இன்றும் காணலாம். அதனைத் தூக்கித் தோளுக்குமேல் எறியும் இளைஞனுக்கே பெண் கொடுப்பர் என்பது அவ்வூர்களின் வழக்குரை. கரலாக்கட்டை சுழற்றுதல், தண்டால், பஸ்கி என்பனவும் பழம் பயிற்சிகள். இவற்றுட் கரலாக்கட்டை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையினர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே பள்ளிப் பயிற்சியாகி, மீண்டும் ஆங்கிலப் பெயரோடு கீழைத்தேயப் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தது. தன் வீட்டுப் பொருளைப் பிறர் கையிலிருந்து விலைக்கு வாங்கும் கதை இத்துறையிலும் உண்டு!

எனினும் இளவட்டக்கல்லில் ஒரு குறைபாடு இருந்தது. அக்கல் எவனுக்காகவும் தன் நிறையைக் குறைத்துக்கொள்வதில்லை. தூக்கியவன் வீரன், தூக்காதவன் நாணித் தலைகுனிந்து போகவேண்டியவன். அக்கல் வலிமையைச் சோதிக்கும், வலிமையை வளர்க்காது. சோதனையும் பயிற்சியும் வெவ்வேறு என்பதை உணர்ந்ததே இத்துறையின் தொடக்கம் எனலாம்.

அவ்வுணர்ச்சிக்கு வழிகோலியவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியலறிஞர். தசை சுருங்கும்போது தோன்றும் வெப்பத்தை அளந்தமைக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை ஒட்டோ மையர்கோவ் என்பவரோடு பகிர்ந்துகொண்டவர் அவர். தவளையின் தசையோடு நில்லாது, தம் உடம்பையே ஆய்வுப்பொருளாக்கி, வெளிவிடும் மூச்சைச் சேகரிக்கும் பையொன்றை முதுகிற் சுமந்துகொண்டு புற்றரையிற் சுற்றிச் சுற்றி ஓடினார். ஓட்டம் விரைய விரைய உடம்பு கொள்ளும் ஒட்சிசனின் அளவும் உயர்ந்தது. ஆயின் ஓரெல்லைக்கு மேல் விரைவு கூடியபோதும் அவ்வளவு கூடவில்லை. இவ்வெல்லையே உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு என இன்று வழங்குவது. இதயம், நுரையீரல், குருதி, தசை ஆகிய நான்கும் கூடி ஆற்றும் தொழிலின் அளவை ஒரே எண்ணாற் குறிக்கும் வகை இவ்வாறு பிறந்தது. ஒருவருடைய நடை அவருக்கு எளிதா, கடினமா என்பதை அயலவரோடு ஒப்பிட்டுக் கூறாது, அவருடைய சொந்த எல்லையின் எத்தனை வீதம் என்று கூறுதல் இதனாலேயே இயல்வதாயிற்று.

1927 முதல் 1947 வரை அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய களைப்பு ஆய்வுகூடம் இவ்வளவையை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுசென்றது. உலைக்களங்களிலும் பாலைநிலத்து அணைக்கட்டு வேலையிலும் உழைத்த தொழிலாளர் வியர்வையோடு எவ்வளவு உப்பை இழந்தனர் என்பதை அங்குள்ளோர் அளந்தனர். கொழும்பு வாசிகளுக்கு இது தொலைவான செய்தியன்று. தசை செலவிடும் சக்தியில் நாலிலொரு பங்கோ ஐந்திலொரு பங்கோதான் வேலையாக மாறும். எஞ்சியது முழுவதும் வெப்பமே. அவ்வெப்பத்தை வியர்வை ஆவியாகியே போக்கவேண்டும். கொழும்பின் ஈரப்பதன் மிகுந்த காற்றில் வியர்வை சொட்டுமேயன்றி எளிதில் ஆவியாகாது. சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. குளிர்நாட்டு நூலொன்றில் எழுதியுள்ள பயிற்சி முறையை அப்படியே பெயர்த்து, நண்பகல் வெயிலில் மாணவரை ஓட்டும் ஆசிரியர் எண்ணிப்பார்க்கவேண்டிய செய்தி இது. வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்குப் பத்து முதற் பதினான்கு நாள் வரை செல்லும் என்பதும் அளந்து கண்ட உண்மையே.

இனி, வலுப்பயிற்சியின் அளவைக் கண்டவரின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், சிக்காகோ நகரத்துக் கார்டினர் படை மருத்துவமனையில் முழங்காலிற் காயமுற்ற போர்வீரர் நிறைந்திருந்தனர். அறுவை முடிந்தபின் மிக இலேசான சுமையைப் பன்முறை தூக்கச்செய்வதே அக்காலத்து வழக்கம். மாதங்கள் கழியும்; தொடைத்தசை தேறாது; படுக்கை காலியாகாது. தோமஸ் டிலோம் என்னும் இளம் மருத்துவர், சிறுவயதில் வாதக்காய்ச்சலாற் படுக்கையிற் கிடந்து, பின்னர் பாரந்தூக்கித் தம்முடலைத் தேற்றிக்கொண்டவர். அவர் அவ்வீரரின் பாதத்தில் இரும்புப் பாதணியைப் பூட்டி, அதில் நிறைகளைச் சேர்த்தார். ஒருவன் பத்துமுறை தூக்கக்கூடியதும் பதினோராம் முறை தூக்கமாட்டாததுமான நிறை எதுவோ அதுவே அவனுக்குரிய அளவு என வகுத்தார். வாரந்தோறும் அவ்வளவை மீண்டும் சோதித்து, தசை தேறத்தேற நிறையையும் உயர்த்தினார். 1945இல் இம்முறையை வெளியிட்டார். தொடக்கத்தில் ஏழு சுற்றுகள் விதித்தவர், அத்தனை வேண்டியதில்லை எனக் கண்டு, 1948இல் வொற்கின்ஸ் என்னும் மருத்துவரோடு சேர்ந்து மூன்று சுற்றாகக் குறைத்தார். ஒருவனுடைய அளவு பத்துக் கிலோகிராம் ஆயின், முதற் சுற்றில் ஐந்து, இரண்டாவதில் ஏழரை, மூன்றாவதிற் பத்து. ஒவ்வொன்றும் பத்து முறை. தம் முறையைத் தாமே திருத்திக்கொள்ளுதல் அறிஞர்க்கு அழகு.

இங்கே இளவட்டக்கல்லை மீண்டும் நினைக்கலாம். டிலோமின் முறையிற் கல் மனிதனுக்கேற்ப மாறுகின்றது. நோயாளிக்கும் மல்லனுக்கும் விதி ஒன்றே. நிறை மாத்திரமே வேறு. ஒருவனை மற்றொருவனோடு ஒப்பிட்டு நாணச்செய்யும் தேவை ஒழிந்தது.

சுமை ஏன் வலிமை தருகின்றது? தசை தான் பழகிய அளவுக்கு மேற்பட்ட வேலையைச் செய்யும்போது சிறிது சோர்வும் சிதைவும் அடைகின்றது. பயிற்சி முடிந்தபின், ஒன்றிரண்டு நாள் வரை, உணவிலுள்ள புரதத்தைக்கொண்டு தசைநார்கள் தம்மைப் புதுப்பித்து முன்னிலும் சிறிது மேலாக அமைத்துக்கொள்ளுகின்றன. ஆகவே வளர்ச்சி நிகழ்வது தூக்கும்போதன்று, தூக்கிய பின்னர். ஓய்வைச் சோம்பல் என்று இகழ்ந்து நாடோறும் அதே தசையை வருத்துபவன் பயிரை நட்ட மறுநாளே பிடுங்கிப் பார்ப்பவனை ஒப்பான். இன்னொன்றும் உண்டு. முதற் சில வாரங்களிற் கிடைக்கும் வலிமை பெரும்பாலும் தசை பருத்தமையால் வருவதன்று. நரம்புகள் கூடுதலான தசைநார்களை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. மொறிற்றானி, டி விறீஸ் என்னும் ஆய்வாளர் 1979இல் இதனை விளக்கினர். ஒரு மாதம் பயின்றும் புயம் பருக்கவில்லையே என்று மனமுடைந்து மாப்பொடி வாங்க ஓடும் இளைஞன் இதை அறிந்தாற் காசு மிஞ்சும்.

சுமையை நீக்கினால் உடம்பு பெற்றதை இழக்கும் என்பதற்கு 1966இல் டலஸ் நகரில் நிகழ்ந்த ஆய்வொன்றைச் சான்றாகக் கூறுவர். நலமிக்க ஐந்து இளைஞர் இருபது நாள் படுக்கையிற் கிடந்தனர். அவர்களின் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு நாலிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. முப்பது ஆண்டு கழித்து அவ்வைவரையும் மீண்டும் தேடிச் சோதித்தபோது, ஐம்பது வயதில் அவர்களிடம் எஞ்சியிருந்த ஆற்றல், இருபது வயதிற் படுக்கையிலிருந்து எழுந்த நாளில் இருந்ததைவிடக் குறைந்திருக்கவில்லை. முப்பது ஆண்டு மூப்பு செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்துவிட்டது. காய்ச்சல் என்றாலே பாட்டியைப் பல நாள் எழவிடாது கிடத்திவைக்கும் அன்புடை இல்லங்கள் இதைக் கவனிக்க.

பளு தூக்கினால் தசை இறுகி வேகம் குன்றும் என்ற அச்சம் விளையாட்டுப் பயிற்றுநரிடையே நெடுங்காலம் நிலவிற்று. 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் போய்ட் எப்லி என்பவரைக் காற்பந்தாட்ட வீரர்க்கு வலுப்பயிற்றுநராக அமர்த்தியது. அவர் முன்னின்று 1978இல் அத்தொழிலினர்க்கு ஒரு சங்கமும் கண்டார். சென்னையிலும் அத்தொழில் வேரூன்றியது. இந்தியத் துடுப்பாட்ட அணிக்கு 2015 முதல் 2019 வரை வலுப்பயிற்றுநராய் இருந்த பாசு சங்கர் சென்னையைச் சேர்ந்தவரே.

வீரர் கதை இவ்வாறாக, உடனலத்தின் கதை பஸ் வண்டியிலே தொடங்குகின்றது. 1953இல் ஜெரி மொறிஸ் என்னும் இலண்டன் மருத்துவர், இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளின் சாரதிகளையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே வகுப்பு மக்கள், ஒரே நகரப் புகை. சாரதி நாள் முழுதும் இருக்கையில் இருப்பவர். நடத்துனர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். மாரடைப்பு நடத்துனரிடையே குறைவாகவும், வந்தபோதும் கொடுமை குறைந்ததாகவும் காணப்பட்டது. நல்ல ஆய்வாளர் தம் முடிவைத் தாமே ஐயுறுவர். சீருடை வழங்கும் பதிவேடுகளைத் தேடியெடுத்த மொறிஸ், சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு வேலையிற் சேர்ந்த காலத்திலேயே நடத்துனர்களுடையதைவிடப் பெரிது என்று 1956இல் அறிவித்தார். அவ்வேறுபாட்டையும் கணக்கிற்கொண்டு மேலும் ஆராய்ந்தபோதும் உழைப்பின் நன்மை பொய்க்கவில்லை. தையற்காரரின் அளவுநாடா மருத்துவத்துக்கு உதவிய அரிய நிகழ்ச்சி இது.

எமக்கு இன்னும் அணித்தானது சென்னையில் நிகழ்ந்தது. ஏ. இராமச்சந்திரன் என்னும் நீரிழிவு மருத்துவரும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக வகுத்து ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தொடர்ந்து கவனித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை மாத்திரம். மற்றொரு பிரிவினர்க்கு உணவுக் கட்டுப்பாட்டோடு நாடோறும் அரைமணி நேரமாவது விரைந்து நடத்தல். ஏனையோர்க்கு மாத்திரையும், மாத்திரையோடு நடையும். 2006இல் வெளியான முடிவின்படி, நடையும் உணவும் நோய் தொடங்கும் அபாயத்தை 28.5 வீதம் குறைத்தன. மாத்திரையைக் கூட்டியும் பயன் மேலும் கூடவில்லை. இவர்கள் பருத்த மேனாட்டினரல்லர். சோறும் இட்டலியும் உண்ணும் எம்போன்ற மக்கள்.

இக்குறிப்பு ஏன் முதன்மையானது எனின், தென்னாசியரின் உடம்பு குறைந்த நிறையிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றது. உடற்றிணிவுச் சுட்டி 25ஐ எட்டினால் எச்சரிக்கை என்பது பொதுவிதி. ஆசிய மக்களுக்கு 23லேயே விழிப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004இல் அறிவித்தது. 165 சென்ரிமீற்றர் உயரமுடைய ஒருவருக்கு அது ஏறத்தாழ 63 கிலோகிராம். "நான் பருமனல்லன்" என்று தேறியிருக்கும் வெள்ளவத்தைக் கணக்காளர் பலர் இவ்வெல்லையை என்றோ கடந்தவர். அவரிடம் மிகுந்திருப்பது வயிற்றுக் கொழுப்பு, குறைந்திருப்பது தசை. உணவுக்குப்பின் குருதியிலேறும் குளுக்கோசைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் தசையே. வேலைசெய்யும் தசை இன்சுலினின் ஏவலின்றியும் குளுக்கோசை உள்ளிழுக்கும். ஆகவே நடையோடு நில்லாது தசையை வளர்க்கும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாளேனும் வேண்டும் என்று 2020இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை கூறுகின்றது. நடுத்தரக் கடுமையுடைய பயிற்சிக்கு அது விதித்த அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். இலங்கையில் நிகழும் மரணங்களுட் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்வன என்பதை இவ்வெண்களின் அருகில் வைத்துப் படிக்கவேண்டும்.

முதுமையில் இரும்பைத் தொடுவதா என்று நகைப்பவர் உளர். 1990இல் பொஸ்ரன் நகரில் மரியா பயற்றறோனியும் அவர் குழுவினரும், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, சராசரி தொண்ணூறு வயதுடைய பதின்மரைத் தெரிந்து, எட்டு வாரம் தொடைத்தசைக்கு வலுப்பயிற்சி அளித்தனர். ஒருவர் இடையில் நின்றார். முடித்த ஒன்பதின்மரின் வலிமை சராசரி 174 வீதம் உயர்ந்தது. ஊன்றுகோலைக் கைவிட்டவரும் அவருள் இருந்தனர். மூப்பு எனப்பட்டதில் ஒரு பங்கு வெறும் பயன்படுத்தாமையே என்பது புலனாயிற்று.

இவ்வளவையும் முறையாகக் கற்கும் பட்டப்பின் மாணவன் எவற்றைப் படிக்கின்றான்? உடற்கூற்றியலும் உயிரிரசாயனவியலும் அடிப்படை. அதன்மேல் இதயத்துடிப்பு, குருதியமுக்கம், ஒட்சிசன் உள்ளெடுப்பு ஆகியவற்றை ஓடும் மனிதனில் அளக்கும் செய்முறை, போசணை, நீரிழிவு, இதயநோய், என்புத்தேய்வு உடையோர்க்குப் பயிற்சி விதிக்கும் முறை, புள்ளிவிபரவியல். இறுதியிற் சொன்னதைக் கண்டு அஞ்சி விலகுவோர் உண்டு. ஆயின் பத்துப்பேரிற் கண்ட மாற்றம் தற்செயலா, பயிற்சியின் விளைவா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. இவற்றோடு உயிர்ப்பொறிமுறையியல் என்னும் ஒரு பாடமும் சேரும். உடம்பின் அசைவைப் பொறியின் அசைவாகக் கொண்டு கோணமும் விசையும் கணிப்பது அது.

அப்பாடத்தின் பயனை இலங்கையர் மறக்கவியலாது. 1995 திசெம்பர் 26ஆம் நாள் மெல்பேணில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு, முழங்கையை நீட்டி எறிவது எனத் தீர்ப்பாளராற் குற்றமாகக் கணிக்கப்பட்டது. கண்ணாற் கண்டவர் இரு கட்சியாயினர். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் விரைவுப் படக்கருவிகளால் அவருடைய கையசைவு அளக்கப்பட்டது. பிறவியிலேயே முற்றும் நீளாத முழங்கை, பந்து வீசும்போது நீள்வதுபோல் தோன்றும் மாயையைத் தருகின்றது என்பது தெரியவந்தது. 2004இல் அவருடைய புதுவகைப் பந்தொன்று மீண்டும் ஐயத்துக்குள்ளாயிற்று. அளந்தபோது 14 பாகை எனக் கண்ட நீட்சி, திருத்தப் பயிற்சியின் பின் ஏறத்தாழப் பத்தாகக் குறைந்தது. ஏனைய பந்துவீச்சாளரையும் அளந்து பார்த்தபோது, குற்றமற்றவர் எனப்பட்டோரும் கையை ஓரளவு நீட்டுவது வெளியாயிற்று. 2005இல் எல்லாருக்கும் 15 பாகை என்னும் எல்லை வகுக்கப்பட்டது. 2010இல் 800 விக்கெற்றுகளோடு அவர் ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். ஆய்வுகூடம் இல்லாதிருப்பின் அவ்வரலாறு தொடக்கத்திலேயே முடிந்திருக்கக்கூடும்.

இக்கல்வியைத் தேடிக் கடல் கடப்பது எம்மவர்க்குப் பழைய வழக்கமே. சென்னைச் சைதாப்பேட்டையிலுள்ள வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் ஹரி குறோ பக் என்னும் அமெரிக்கர் தொடக்கினார். ஆசியாவின் முன்னோடி உடற்கல்விக் கல்லூரி என்னும் சிறப்பு அதற்குண்டு. 2005 முதல் தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகின்றது. பயிற்சி உடற்றொழிலியலும் உயிர்ப்பொறிமுறையியலும் அங்கே பட்டப்பின் துறைகளாக உள்ளன. இலங்கையிற் சபரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டம் அளிக்கின்றன. கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் விளையாட்டு மருத்துவத்தில் உயர்பட்டம் வழங்குகின்றது. அஃது மருத்துவப் பட்டம் பெற்றவர்க்கு மாத்திரமே உரியது.

1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப்பதக்கம் வென்ற டங்கன் வைற், பதக்கத்தோடு அமையாது இங்கிலாந்தின் லவ்பறோக் கல்லூரியில் உடற்கல்வி பயின்று, பின்னாளிற் பல்கலைக்கழக ஆசிரியருமானார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பதினேழாம் வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றி, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தைக் கொணர்ந்தார். அவர் அமெரிக்காவிற் கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். விளையாடும் பிள்ளை படிக்கமாட்டான் என்று கூறும் பெற்றோர்க்கு இவ்விருவரையும் காட்டலாம்.

அவ்வாறு கூறும் பெற்றோர் கொழும்பிற் குறைவில்லை. பத்தாம் வகுப்பை அடைந்த பிள்ளையின் மாலைப்பொழுதெல்லாம் தனியார் வகுப்புக்கே போய்விடுகின்றது. உடற்கல்விப் பாடவேளை கணித ஆசிரியருக்குக் கடனாகக் கொடுக்கப்படும், திரும்பி வருவதில்லை. உயிரியல் பயின்று மருத்துவ பீடத்துக்கு ஒரு சில புள்ளிகளாற் தவறிய மாணவர் மூன்றாம் முறையும் பரீட்சைக்கு இருப்பரேயன்றி, அதே உயிரியலைக் கொண்டு விளையாட்டு விஞ்ஞானத்துக்கோ இயன்மருத்துவத்துக்கோ செல்லுதலைத் தாழ்வாக எண்ணுவர். பயின்று வந்தோர்க்கும் இடர் உண்டு. மருத்துவமனைகளிற் பயிற்சி உடற்றொழிலியலாளருக்கென வகுத்த பதவிகள் அரிது. தனியார் நிலையங்களோ பட்டத்தைவிடப் பருத்த புயத்தையே விளம்பரமாக விரும்புகின்றன.

அவ்வெற்றிடத்தை நிரப்புவது டப்பாக்களில் வரும் மாப்பொடியும், சில வேளைகளில் அதனினும் கொடிய ஊசியும் மாத்திரையுமாகும். செயற்கை ஆண்பால் ஓமோன்கள் தசையைப் பெருக்குவது மெய்யே. உடம்பு தானாகச் சுரக்கும் ஓமோனை அவை நிறுத்திவிடுவதும், ஈரலையும் இதயத்தையும் தாக்குவதும் அவ்வளவே மெய். 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் போட்டியிடும் வீரரை இதினின்று தடுக்க எழுந்தது. போட்டிக்கே செல்லாது கண்ணாடிக்காக மாத்திரம் பயில்பவனை எந்தச் சட்டமும் சோதிப்பதில்லை. புரதம் வேண்டுமெனின் சைவ உணவினர்க்குப் பருப்பும் கடலையும் பயறும் உழுந்தும் பாலும் தயிரும் உள. சோற்றைச் சிறிது குறைத்துப் பருப்பைச் சிறிது கூட்டுதல் கொட்டாஞ்சேனைக் கடைத்தெருவில் இயலாத காரியமன்று.

கருவி இல்லையே என்பதும் முழுமையான மறுப்பாகாது. மொன்றியல் நகரத்து லுக் லெஜே வகுத்த ஓட்டச் சோதனைக்கு வேண்டுவது இருபது மீற்றர் இடைவெளியில் இரு கோடுகளும் ஒலிப்பதிவொன்றுமே. மணியொலிக்குள் மறுகோட்டை எட்டவேண்டும்; மணிக்கு 8.5 கிலோமீற்றரிற் தொடங்கும் விரைவு நிமிடத்துக்கு அரைக் கிலோமீற்றர் கூடிக்கொண்டே செல்லும். எட்டமுடியாத இடத்தில் நின்றுவிடலாம். அந்நிலையிலிருந்து உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பைக் கணிக்க அட்டவணை உண்டு. ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே பாடவேளையில் அளந்துவிடலாம்.

முதியோர்க்கு இன்னும் எளிய சோதனை உண்டு. றிக்லி, ஜோன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வகுத்தது அது. கைப்பிடியில்லாத, முழங்கால் உயரமுள்ள கதிரையொன்றைச் சுவரோடு சாய்த்து, நழுவாது வைக்கவேண்டும். கைகளை மார்பிற் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது வினாடிக்குள் எத்தனை முறை முற்றும் எழுந்து மீண்டும் இருக்க முடிகின்றது என்று எண்ணவேண்டும். எழுபது முதல் எழுபத்துநான்கு வயதுப் பெண்களுக்கு வழக்கமான எல்லை பத்து முதற் பதினைந்து; அவ்வயது ஆண்களுக்குப் பன்னிரண்டு முதற் பதினேழு. மின்னுயர்த்தி பழுதுற்ற நாளில் மூன்றாம் மாடிக்கு ஏறமாட்டாது வாயிலிலே காத்திருக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பாட்டி, ஆறு முறையோடு நின்றுவிடக்கூடும். அவ்வாறெண்ணையும் திகதியையும் நாட்காட்டியிற் குறித்துவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கதிரையில் இரண்டு சுற்று எழுந்திருக்கச் செய்து, எட்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.